புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாம்பு கடித்து ஒரு பெண் இறந்துபோனாள். அந்தச் சாவில் எனக்கும் பங்கு உண்டு. என்ன பங்கு என்று இப்போதே சொல்லத் துணிச்சல் வரவில்லை. நான்காம் பகுதி வரை பொறுங்கள்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ஆற்றுக்கு இரண்டு கரைகள். அவற்றில் ஒன்று எப்போதும்…" (தத்துவம். வேண்டாம்.)

"ஸ்ராகெனில் அன்று வெயில் நன்றாகவே…" (ஸ்ராகென், ஜாவாவில் நான் இருக்கும் ஊர். செத்தவளுக்கு வெயில் எதற்கு? வேண்டாம்.)

2

காலை பத்தேகால். கிராம ஆம்புலன்ஸ் நிலையத்தில் வெனிங் கணினி முன் இருந்தாள். தொலைபேசியில் சர்ஜோனோ என்ற விவசாயி. (இங்கே பெண்ணை ம்பாக், அதாவது அக்கா என்றும், ஆணை மாஸ் (அண்ணன்) அல்லது பாக் (ஐயா) என்றும் அழைப்பார்கள்.)

"ம்பாக், கடலை பிடுங்குறப்ப என் பொண்டாட்டிய பாம்பு கடிச்சிருச்சு. கண்ணு சொருகுது. மூச்சு இழுக்க முடியல அவளால."

"இடத்த அனுப்புங்க பாக். ஆத்துக்கு எந்தப் பக்கம்?"

"தெக்கு. ஆத்துக்குத் தெக்கால."

செய்திச் செயலியில் இடக்குறி வந்தது. வெனிங் அழுத்தினாள். உலாவியில் வரைபடம் விரிந்தது. சிவப்புப் புள்ளி ஆற்றின் வடகரையில் நின்றது.

(இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஜாவாக்காரர்களுக்கு இடம் வலம் கிடையாது. சாப்பிடும்போதுகூட "சாம்பலைக் கொஞ்சம் வடக்கே தள்ளு" என்பார்கள். சாம்பல் என்றால் இங்கே மிளகாய்த் துவையல். இருபது வருடமாக இவர்களோடு இருக்கிறேன். திசை தப்பிய ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.)

ஓட்டுநர் கீதோ வண்டியில் போகும்போது போனைத் தொடமாட்டான். வாக்கி டாக்கியில் வெனிங் சொல்வதுதான் அவனுக்கு வழி.

"ம்பாக், பாலத்துக்கிட்ட வந்துட்டேன். ஏறவா, இப்படியே தென்கரையில போகவா? சீக்கிரம்!"

"ஒரு நிமிஷம் மாஸ்."

"நிமிஷமெல்லாம் கையில இல்ல."

3

ஒரு வரைவில் வெனிங்கை அசட்டையானவளாக எழுதினேன். தெம்பே என்ற சோயா வறுவலைக் கொறித்துக்கொண்டு… அடித்துவிட்டேன். அது பொய், அயோக்கியத்தனமும்கூட. உண்மையில் அவள் வரைபடத்தை மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். புள்ளி அசையவில்லை. மனிதர் பதறியிருக்கிறார், இயந்திரம் பதறாது என்று நினைத்தாள்.

"ஏறுங்க மாஸ். வடகரை."

பதினொரு கிலோமீட்டர் கழித்து கீதோவின் குரல் வந்தது.

"ஏன் ம்பாக், ஆளு எதிர்க்கரையில நின்னு தொப்பிய ஆட்டுறாரு. நம்ம வண்டிக்கு நீச்சல் தெரியாதே." கேலியாகத்தான் ஆரம்பித்தான். பிறகு கத்தினான்: "ஐயோ, ஆக்சிஜன் என்கிட்ட இந்தப் பக்கம் இருக்கே!"

பாலத்துக்குத் திரும்ப பதினொன்று, அங்கிருந்து பதினொன்று. அந்த இடத்தில் ஒரு படகைக் கொண்டுவந்து எழுதினேன். அடுத்த வரைவில் மூச்சை இன்னும் அரை மணி நேரம் நீட்டினேன். சர்ஜோனோ மனைவியின் பெயர் துக்கினெம். மூன்று முறை அவளைப் பிழைக்க வைத்துப் பார்த்தேன். மூன்றையும் அழிக்க வேண்டியதாயிற்று.

4

அந்தச் செயலியை எழுதியவன் நான்.

எங்களுடையது ஆறு பேர் கொண்ட சின்ன நிறுவனம். போனில் இடக்குறியைத் தொட்டால் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் முழுதாக வரைபடத்துக்குப் போகும். கணினியில் அது இணைப்பாகி உலாவியில் திறக்கும். இணைப்பு நீளமாக, அசிங்கமாக இருக்கிறதே என்று புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தோடு வெட்டிவிட்டேன். வெட்டினால் போவது நூறு மீட்டர்தானே என்று நினைத்தேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அப்படி வெட்டினால் அட்சரேகை எண் பூஜ்யத்தை நோக்கிக் குறையும்; புள்ளி எப்போதும் வடக்கேதான் நகரும். ஆற்றின் அகலம் அறுபது மீட்டர்.

அன்று மதியம் வெனிங் அழைத்தாள். "மாஸ், நான் பாத்தது சரிதானே? புள்ளி வடக்கதானே இருந்துச்சு?"

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.*

* பார்த்தேன். போனில் தெற்கு, கணினியில் வடக்கு. மாலைக்குள் சரிசெய்துவிட்டேன். செயலியின் மாற்றக் குறிப்பில் 'சிறு திருத்தங்கள்' என்று எழுதினேன். அவளை இன்னும் திரும்ப அழைக்கவில்லை.

5

ஏழாம் நாள் சர்ஜோனோ வீட்டில் பிரார்த்தனை. நான் போயிருந்தேன். வெனிங்கும் வந்திருந்தாள். அவள் வேலையை விட்டுவிட்டாள். சர்ஜோனோவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தெக்குன்னு சொன்னீங்க பாக். நான்தான் நம்பல" என்று அழுதாள்.

அவர் தலையை ஆட்டினார். "இல்லம்மா. பதட்டத்துல நான் வடக்குன்னு உளறியிருப்பேன். நீ நல்ல பொண்ணு, எனக்காக மாத்திச் சொல்ற." பிறகு என் பக்கம் திரும்பினார். "பொறந்ததுலேருந்து இந்த ஆத்தப் பாக்குறேன் மாஸ். என் வாயே என் பொண்டாட்டியக் கொன்னுருச்சு."

நான் தேநீர் குடித்தேன். சீ என்று இருக்கிறது எனக்கு என்னையே.

6

நாளை நாற்பதாம் நாள். முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன்.

அ) அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பாக், நீங்க சொன்ன தெக்கு சரிதான். வெட்டினது நான்" என்கிறேன். அவர்…

ஆ) உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்து வருகிறேன்.

எதை வேண்டுமானாலும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் உங்களிடம் மறைத்த ஒன்று பாக்கி இருக்கிறது. இந்தோனேசிய மொழியில் நான் நன்றாகவே எழுதுவேன். ஜாவா மொழியில் பேசுவேன். இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.