சமையலறைக் கதவில் ஒரு காகம்

நான் பல் டாக்டர். குதேலின் குடும்பத்தில் படம் வரையத் தெரியாத ஒரே ஆள். கல்யாணமான புதிதில் என் கணவர் க்ளெப், "ஒரு குதிரை வரைஞ்சு காட்டு ரிம்மா" என்றார். வரைந்தேன். "கடைவாய்ப் பல் பிரமாதமா வந்திருக்கு" என்றார்.

அவருடைய தாத்தா பிளாட்டன் பேர்பெற்ற ஓவியர். அப்பா நாடக அரங்குகள் அமைத்தவர். க்ளெப்புக்கும் அதே வேலை. அவருடைய அக்கா தயீசியா பீங்கான் கோப்பைகளில் சித்திரம் எழுதுபவர். பீட்டர்ஸ்பர்கில் எங்கள் சமையலறைக் கதவில் தாத்தா தீட்டிய சிவப்புக் குதிரை ஒன்று இருந்தது. அதன் முதுகில் ஒரு காகம். காகம் மட்டும் தயீசியா அண்ணி சின்ன வயதில் திருட்டுத்தனமாக வரைந்தது, அதற்காக அப்பாவிடம் அடியும் வாங்கியிருக்கிறார் என்பது குடும்பக் கதை. பிறகு அதே காகத்தைக் கோப்பைகளில் போட்டுத்தான் பேர் வாங்கினார். எந்தப் பேட்டியும் அந்த அடியில்தான் தொடங்கும்.

போன வசந்தத்தில் ஒரு அருங்காட்சியகம், குதேலின் குடும்பக் கண்காட்சிக்கு அந்தக் கதவைக் கேட்டது. அதைச் சுத்தம் செய்ய, பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் ஸ்லாத்தா என்ற பெண் வந்தாள்.

"காக்காவச் சுரண்டிட்டா குதிரை பளிச்சுனு தெரியும்," என்றார் க்ளெப், அக்காவைப் பார்த்தபடி.

"என் காக்கா இல்லேன்னா உங்க குதிரைய யாருடா திரும்பிப் பாப்பாங்க?"

ஸ்லாத்தா விளக்கைக் கிட்டே பிடித்து, ஈரப் பஞ்சால் ஒற்றிப் பார்த்தாள். "குதிரையும் காக்காவும் ஒண்ணா வரைஞ்சதுங்க. ரெண்டு மேலயும் ஒரே பழைய வார்னிஷ். காக்காவோட கண்ணு மட்டும் வார்னிஷுக்கு மேல இருக்கு. அது பின்னால யாரோ வெச்சது."

"ஒரு புள்ளிக்காகவா அடி வாங்கினே?" என்றார் க்ளெப். "அப்போ இத்தனை வருஷமா தாத்தாவத்தான் காப்பி அடிச்சிருக்கே."

அண்ணி கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முழுக்கப் போனை எடுக்கவில்லை. க்ளெப்புக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் முட்டைக்கோஸ் அடைத்த ரொட்டியோடு இருவரும் அண்ணி வீட்டுக்குப் போனோம்.

"நான்தான் வரைஞ்சேன்னு சத்தியமா நம்பிட்டிருந்தேன்டா," என்றார் அண்ணி. "பொய் சொல்லல."

க்ளெப் அலமாரியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாத்தாவோட காக்கா, கண்ணு இல்லாம வெறும் கரித்துணி, அக்கா. நீதான் அத முழிக்க வெச்சே. இது என்னையே பாக்குது."

"எப்படிப் பாக்குது?"

"திட்டப்போற மாதிரி."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ரொட்டியப் பிரி, ஆறிடப் போகுது" என்றார்.

கண்காட்சியில் கதவுக்குப் பக்கத்துப் பலகையில், 'குதிரை, காகம்: பிளாட்டன் குதேலின். காகத்தின் கண்: தயீசியா குதேலினா' என்று எழுதியிருந்தது. வந்தவர்கள் குதிரையை விட்டுவிட்டுக் கண்ணைத்தான் குனிந்து பார்த்தார்கள். அண்ணி நல்ல சால்வை போர்த்திக்கொண்டு அங்கேயே நின்றார். "ஒரே புள்ளிதான்," என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார். "ஆனா எடம் பாத்து வெச்சது."

வீட்டில் புதுக் கதவு போட்டோம். வெறும் வெள்ளை. அதில் யார் என்ன வரைவது என்று அக்காவும் தம்பியும் இன்னும் சண்டை போடுகிறார்கள். அதுவரை நான் அதில் துண்டு காயப்போடுகிறேன்.