எழுத அனுமதி

தன் அழைப்புக்குறியின் முதல் மூன்று எழுத்துகளைத் தந்தி ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்டாள். நான்காவது வருவதற்குள் ரேடியோவின் அலைவரிசை எண்கள் தாமாகவே தாவி வேறெங்கோ போய் நின்றன. அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த தீவு நிலையம் காணாமல் போய், வெறும் இரைச்சல் மட்டும் கேட்டது. பதறிப்போய்க் குமிழைத் திருப்பிப் பழைய இடத்துக்கு வந்தபோது, தீவுக்காரன் வேறு யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

சொந்த ரேடியோ வைத்து உலகத்தோடு பேசுகிறவர்களின் ஹாம் ரேடியோ மன்றத்தில் அவளுக்குத் தந்தி என்றுதான் பேர். மற்றவர்கள் புள்ளியும் கோடுமாக வரும் மோர்ஸ் ஒலியைக் காகிதத்தில் குறித்து எழுத்துக்கூட்டிப் படிக்கும் நேரத்தில், அவள் அதை அடுத்த வீட்டுப் பேச்சைப் போலக் கேட்டுவிடுவாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. அது போக மிஞ்சுகிற நேரமெல்லாம் இந்த மேசைதான். நூறு நாடுகளோடு மோர்ஸில் பேசியவர்களுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. ஐந்து வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தொண்ணூற்றொன்பதில் வந்து நிற்கிறாள். நூறாவதாக வரவேண்டிய இந்தத் தீவில் குடியிருப்பவர் யாரும் இல்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை யாராவது படகில் போய், கூடாரம் அடித்து, இரண்டு வாரம் உலகத்தோடு பேசிவிட்டுத் திரும்புவார்கள். ஆனால் பட்டியலில் அதுவும் ஒரு நாடு. இன்று நான்கு மணிக்குக் கூடாரத்தைப் பிரிக்கிறார்கள். இப்போது மணி மூன்று இருபது.

வீட்டில் ரேடியோ ஒன்று, கணினி ஒன்று, இரண்டையும் சேர்க்கும் கேபிளும் ஒன்று. அந்தக் கேபிள் செருகியிருக்கும் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும். பங்காளிகளோ மூன்று பேர். தந்தியின் மென்பொருள் தொடர்புகளைப் பதிந்துவைப்பது. பட்டியலில் ஒரு நிலையத்தின் மேல் க்ளிக் செய்தால் ரேடியோ தானாக அங்கே போய் நிற்கும். அவள் கணவனுடையது ஆளே தேவைப்படாதது. மணிக்கு ஒருமுறை தானே அலைவரிசையை மாற்றித் தானே எதையோ அனுப்பிக்கொண்டிருக்கும். மாடியில் இருக்கும் கொழுந்தனுடையது, படுக்கையை விட்டு எழாமல் ரேடியோவைத் திருப்புவதற்கு. முதலில் திறந்தவருக்குப் போர்ட். மற்றவர்களுக்கு, போர்ட் வேறொருவர் கையில் இருக்கிறது என்ற அறிவிப்பு மட்டும். காலையில் ஒரே குளியலறை வாசலில் மூன்று பேர் துண்டோடு நிற்கிற கதைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் ஒரு மென்பொருளை எங்கிருந்தோ பிடித்துவந்தான். ஒரு நிஜப் போர்ட்டை மூன்று பொய்ப் போர்ட்டாகக் காட்டுமாம். "இனிமே இந்த வீட்ல சண்டையே வராது அண்ணி" என்றான். வாய் முகூர்த்தம் அப்படி! வாரம் முழுக்கக் கடையில் வேலை நெரித்ததால், தந்தி இன்றுதான் மேசையில் உட்கார்ந்தாள். மதியத்திலிருந்து எங்கே க்ளிக் செய்தாலும் ரேடியோ அசையவில்லை. மவுஸைத் திட்டிவிட்டுக் கையால் திருப்பித்தான் தீவைக் கண்டுபிடித்தாள். நாற்பது நிமிடம் கூப்பிட்டபின் தீவுக்காரன் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் எண்கள் தாவின.

"என்னங்க!"

போட்ட சத்தத்தில், அடுத்த அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் ஓடிவந்தான்.

"உங்க புரோகிராம் ஓடுதா?"

"பின்னாடி சும்மா ஓடிட்டிருக்கு. நான் தொடவே இல்லையே."

"நீங்க தொடல. அது தொட்டுச்சு. அவன் என்னைக் கூப்பிடறப்போ பாதியில ரேடியோவ இழுத்துட்டுப் போயிடுச்சு. இன்னிக்குத் தீவு, இன்னிக்குத் தீவுன்னு நாலு நாளா சொன்னேனா இல்லையா?"

"மறந்துட்டேன்மா."

என்ன அழகான பதில்! கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் இறங்கிவந்து அந்தப் பங்கீட்டு மென்பொருளைத் திறந்தான். திரையில் மூன்று வரிகள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டங்கள்: படிக்க, எழுத. கணவனுடைய வரியில் இரண்டிலும் டிக். கொழுந்தனுடையதிலும் அப்படியே. மூன்றாவது வரி அவளுடையது. அதில் படிக்க மட்டும்தான். அதாவது ரேடியோ எங்கே நிற்கிறது என்று அவள் பார்த்துக்கொள்ளலாம். அதனிடம் எதுவும் சொல்லக் கூடாது.

"என் டிக்க யாரு எடுத்தது?"

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் திரையைப் பார்த்தான்.

"மூணு பேரும் கட்டளை குடுத்தா ரேடியோ குழம்பிடும்ல" என்றான் கணவன். "நீ எப்படியும் கையாலதான் திருப்புற. உனக்கெதுக்குன்னு நான்தான் சொன்னேன்."

உனக்கெதுக்கு. தந்திக்கு உச்சந்தலை வரை சூடேறியது. இந்த வீட்டில் முதலில் உரிமத் தேர்வு எழுதித் தேறியவள் அவள். இவன் மோர்ஸில் இரண்டு தடவை கோட்டைவிட்டுவந்து முகத்தைத் தொங்கப்போட்டபோது, சாப்பாட்டு மேசையில் கரண்டியால் தட்டித் தட்டி இவன் காதைத் திறந்தவளும் அவள்தான். குழம்பும் என்றால் தன் டிக்கை எடுத்திருக்கலாமே? அதுகூடப் போகட்டும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாரமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இப்பவே டிக் போட்டுர்றேன் அண்ணி" என்று கொழுந்தன் அவசரமாக மவுஸைப் பிடித்தான். "எல்லாத்தையும் மூடிட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். பத்தே நிமிஷம்."

மணி மூன்று முப்பத்தொன்று.

"எனக்கு டிக் போட நீங்க ரெண்டு பேரும் யாரு?"

அதை அவள் சத்தமில்லாமல்தான் கேட்டாள். அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். தந்தி எழுந்து ரேடியோவின் பின்பக்கம் கையை விட்டு, கேபிளைப் பிடுங்கி மேசையில் போட்டாள். மூன்று மென்பொருள்களும் ரேடியோவைக் காணோம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன.

"ஏய், ரெண்டு நாளா ஓடிட்டிருந்தது..."

"பேசாதீங்க. எனக்குக் காது வேணும்."

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். தீவைக் கூப்பிடுகிறவர்களின் பெருங்கூட்டம் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. எல்லோரும் ஓய்கிற இடைவெளி பார்த்து மோர்ஸ் கீயில் தன் குறியைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். கோபத்தில் விரல் முந்திக்கொண்டு ஓடியது. ஒரு புள்ளி கூடுதலாக விழுந்ததும் கையை எடுத்து உதறிவிட்டு, நிதானமாக முதலிலிருந்து தட்டினாள். மூன்று நாற்பது. மூன்று ஐம்பது. அடுத்த அறையிலிருந்து துணி கருகும் வாடை வந்தது. கொழுந்தன் ஓடினான். கணவன் மட்டும் நாற்காலிக்குப் பின்னால் அப்படியே நின்றான். அவன் நிற்பதும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. போகச் சொல்லவும் நேரமில்லை.

மூன்று ஐம்பத்தாறுக்குக் கூட்டத்தின் சத்தம் சட்டென்று அடங்கியது. தந்தியின் பென்சில் நகர்ந்தது. இரண்டே எழுத்துகள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. தீவுக்காரனுக்கு யாரோ ஒருவரின் குறியில் கடைசி இரண்டெழுத்துதான் கேட்டிருக்கிறது; மீதியைக் கேட்கிறான். அவளுடைய குறி அந்த இரண்டில்தான் முடியும். அப்படி முடிகிறவர்கள் உலகத்தில் இன்னும் எத்தனையோ பேர்.

கணவன் குனிந்து காகிதத்தைப் படித்தான். "உன்னையா?" என்றான் மெல்ல.

அவள் திரும்பவில்லை. பென்சில் உருண்டு தரையில் விழுந்தது. அவள் கை கீயின் மேல் இறங்கியது. எதிரே ரேடியோவின் எண்கள், அவள் நிறுத்திய இடத்திலேயே, அசையாமல் நின்றுகொண்டிருந்தன.