வாண்டின் பங்கு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எனக்கு வளைகூட வேண்டாம், தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு கிடைத்தால் போதும் என்றிருந்தது. கல்யாணமாகி மூன்று வருடமாக நானும் இவரும் என் அக்கா வீட்டுக் கூடத்தில்தான் படுத்தோம். இருந்த ஒரே அறை அக்காவுக்கும் அத்தானுக்கும். அத்தான் தண்ணீர் குடிக்க எழுந்தால் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுவதற்கு முன் ஒரு தடவை இருமுவார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் அந்த இருமலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்கு நடுவில் அக்கா மகள் படுத்திருப்பாள். ஐந்து வயது. வாண்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அக்காவுக்குத் துணிக்கடையில் இருட்டும் வரை நின்றபடி பார்க்கிற வேலை. அதனால் வாண்டைக் குளிப்பாட்டுவது, தலை சீவுவது, பள்ளிக்கூடத்தில் விடுவது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொள்வது எல்லாம் நான். பெற்றது நான், வளர்த்தது நீ என்று அக்காவே சொல்லுவாள். சில நாள் சிரித்துக்கொண்டு சொல்லுவாள், சில நாள் சிரிக்காமல்.

எனக்குச் சலவைக் கடையில் துணி பிரித்து இஸ்திரி போடும் வேலை. இவர் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறார். இரண்டு சம்பளமும் சேர்ந்தால்கூட மூன்றாவது வாரத்தில் மூச்சு வாங்கும். அதில்தான் வாடகை வீட்டுக்கு முன்பணம் சேர்க்க வேண்டும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, நாங்கள் அதோடு பஸ்ஸையும் கட்டிவைத்துவிட்டு நடந்தோம். இவர் செருப்பில் தோலைவிடத் தையல்தான் அதிகம் இருந்தது. சிறுதுளி பெருவெள்ளம் என்று சொன்னவர் வீட்டில் பானை ஓட்டை இல்லை போலிருக்கிறது.

சேர்த்ததை ஒரு பால் பவுடர் டப்பாவில் போட்டுத் துணி மூட்டைக்குள் ஒளித்துவைத்தேன். அத்தான் கண்ணில் காசு பட்டால் கடனாகக் கேட்பார், கொடுத்தது திரும்பாது. அவர் வீட்டில் இருந்துகொண்டு இல்லை என்று சொல்லவும் முடியாது. ஒருநாள் நான் டப்பாவைத் திறந்தபோது வாண்டு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். குழந்தை வாய்க்குப் பூட்டு ஏது? மிரட்ட எனக்கு மனசு வரவில்லை. அதனால் அவளைக் கூட்டாளியாக்கிக்கொண்டேன்.

சலவைக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சட்டைப் பையில் நோட்டு இருந்தால் முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும், அது துணிக்காரருக்குப் போகும். சில்லறை இருந்தால் எடுத்தவருக்கு. அந்தச் சில்லறையைக் கொண்டுவந்து வாண்டின் கையில் கொடுத்தேன்.

"இது உன் பங்கு. நீயே போடு. டப்பா நிறைஞ்சா புது வீடு. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

அவள் விடவில்லை. மூட்டைக்குள் என்ன சலசலக்கிறது என்று அத்தான் ஒரு தடவை கேட்டபோது, என் கிலுகிலுப்பை என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டாள். இந்த வயசில் என்ன நெஞ்சழுத்தம் என்று நானும் இவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு மிட்டாய்க்கு அக்கா கொடுக்கும் காசையும் டப்பாவில் போட ஆரம்பித்தாள். வாங்கித் தின்னுடி என்றால், புது வீட்டில் தின்றுகொள்கிறேன் என்பாள். அங்கே எந்தப் பக்கம் படுப்பது என்றுகூடக் கேட்டாள். சுவரோரம் என்று சும்மா சொல்லிவைத்தேன். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

ஒரு வருடம் கழித்து பேக்கரிக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை கிடைத்தது. வீட்டுக்காரர் நோட்டோடு சில்லறையையும் முகம் சுளிக்காமல் எண்ணி வாங்கிக்கொண்டார். அக்காவிடம் சொன்னேன். எத்தனை நாள்தான் நீங்களும் கூடத்தில் கிடப்பீர்கள், போங்கள் என்றாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஏற்பாடும் செய்தாள். வாண்டிடம் நீயே சொல்லிவிடு என்று அக்கா சொன்னாள், தாய் நீ சொல்வதுதான் முறை என்று நான் சொன்னேன். கடைசியில் இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இவர் தண்ணீர் கேன் வண்டியை இரவல் வாங்கிவந்து சாமானை ஏற்றினார். நான் கடைசி மூட்டையோடு வெளியே வந்தபோது, வண்டியில் பாய்க்கும் மூட்டைக்கும் நடுவில் வாண்டு உட்கார்ந்திருந்தாள். தானே தலை சீவியிருந்தாள், வகிடு கோணலாக இருந்தது. மடியில் பள்ளிக்கூடப் பை. புத்தகத்தை எடுத்துவிட்டு இரண்டு கவுனும் பல் தேய்க்கும் பிரஷ்ஷும் வைத்திருந்தாள். வாசலில் நின்ற அக்காவைப் பார்த்து, பெரிய மனுஷி மாதிரி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அழாதம்மா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எறங்குடா கண்ணு" என்றேன். "நீ அம்மாகூடத்தான் இருக்கணும். சித்தி அடிக்கடி வருவேன்."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். யாரும் சிரிக்கவில்லை என்றதும் அவள் முகம் மெல்ல மாறியது.

"நானும் காசு போட்டேன்ல, சித்தி?"

இவர் வண்டியின் கயிற்றை அவிழ்த்து, மறுபடியும் அதையே கட்டினார். அக்கா தூக்க வந்தபோது வாண்டு கையைத் தட்டிவிட்டுத் தானே இறங்கினாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"அப்ப என் காசக் குடு."

பர்ஸில் இருந்ததை எல்லாம் எடுத்து நீட்டினேன். அவள் தொடவில்லை.

"இது இல்ல. டப்பாவுல போட்டது."

எட்டி மூட்டைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. மூடியை அழுத்தி மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். பையை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

புது அறையில் சாமானை இறக்கி முடித்ததும் இவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினார். அந்தச் சத்தத்துக்காகத்தான் அத்தனை நாள் நடந்தேன். இப்போது அதைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இவர் கொஞ்ச நேரம் படு என்று பாயை எடுத்துச் சுவரோரமாக விரிக்கப் போனார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி விரித்தார்.