இன்ஜினில் கிடைத்த டோக்கன்

ரயில்வே ஆவணக் காப்பகத்தில் கண்காட்சி. விபத்தில் இறந்த டிரைவரின் குடும்பம் என்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா பீரோவிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு போன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு மேலே அப்பாவின் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில், 'டோக்கன் பெறாமல் வண்டியை எடுத்த ஓட்டுநரால் நேர்ந்த விபத்து.' இதே பேச்சைத்தான் அப்பா போனதிலிருந்து சொந்தக்காரர்கள் வாயில் அம்மா கேட்டு வருகிறாள். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போனார்கள். இப்போது அரசாங்கமே சட்டம் போட்டு மாட்டிவிட்டது.

அப்போதுதான் பெட்டிக்குள் பார்த்தேன். பித்தளை உருண்டை ஒன்று. பக்கத்தில் சின்ன அட்டை: 'டோக்கன். விபத்துக்குள்ளான இன்ஜினில் கண்டெடுக்கப்பட்டது.'

ஒற்றைத் தண்டவாளத்தில் டோக்கன் கைக்கு வந்தால்தான் டிரைவர் வண்டியை நகர்த்தலாம். அது ஸ்டேஷன் மெஷினுக்குள் பூட்டிக் கிடக்கும், ஸ்டேஷன்காரர் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த எவருக்கும் இது தெரியும். உருண்டையில் இரண்டு ஸ்டேஷன்களின் பெயர் பொறித்திருந்தது. அப்பா செத்தது அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

காப்பக அதிகாரியை இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன்.

"மேல டோக்கன் வாங்கலைன்னு போட்டிருக்கீங்க. கீழ அவர் இன்ஜின்லயே டோக்கன் கிடைச்சதுன்னு போட்டிருக்கீங்க. எது சார் உண்மை?"

அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அது வந்தும்மா… பழைய சாமான் பெட்டியில இருந்துச்சு. பார்க்க அழகா இருக்கேன்னு வெச்சோம்."

"அழகுக்கா?"

"கோவப்படாதீங்க. அடுத்த வாரம் வாங்க, சரி பண்ணிடறோம்."

அந்த வாரம் முழுக்க அம்மா சரியாகத் தூங்கவில்லை. எழுத்தை மாற்றிவிட்டால் அதைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போனோம். அதே படம், அதே கொட்டை எழுத்து. டோக்கனை மட்டும் காணோம்.

அதிகாரி சிரித்த முகமாக வந்தார். "நீங்க சொன்னது கரெக்ட்மா. ரெண்டும் ஒத்துப்போகல. அதான் எடுத்து உள்ள வெச்சுட்டோம்."

அடித்துவிடுவேனோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"போகலாம்மா" என்றேன்.

அம்மா நகரவில்லை. அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஒரு டீச்சர் அங்கே வந்து நின்றார். வாசலில் பால்காரரிடம்கூடக் குரலை உயர்த்தாதவள், அறை முழுக்கக் கேட்கும்படி அந்த டீச்சரிடம் சொன்னாள்:

"இது என் வீட்டுக்காரர். டோக்கன் வாங்கிட்டுத்தான் போனார். அதை ஒளிச்சு வெச்சவர் இதோ நிக்கிறார், கேட்டுக்கோங்க."