பன்னிரண்டாவது ஏணி

காலையில் பட்டறையைத் திறந்ததும் அவள் இரண்டு இடங்களைக் கூட்டுவாள். முதலில் விளக்குமாற்றால் தரையை. வெல்டிங் கசடு, கிரைண்டரில் ராவின தூள், வெட்டின இரும்புத் துணுக்கு எல்லாவற்றையும் ஒதுக்கித் தகர டப்பாவில் தள்ளுவாள். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து, போனை எடுத்துப் பட்டறையின் ஃபேஸ்புக் பேஜைக் கூட்டுவாள். ‘கூட்டுறது’ என்றுதான் அவளே சொல்வாள். விலை அதிகம் என்று எவனாவது எழுதியிருந்தால் அழி. கேட் துருப்பிடிக்கிறது என்று படம் போட்டிருந்தால் அழி. வாரம் ஒருமுறை இன்பாக்ஸில் வந்து குவிந்த செய்திகளையும் மொத்தமாக வழித்துவிடுவாள்.

“கடைக்குள்ள குப்பை கிடந்தா எவன் உள்ள வருவான்?” என்று கேட்பாள். புருஷன் தலையாட்டுவான். பேஜ் வருவதற்கு முன் அவன் ஆர்டருக்காகக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த நாட்கள் அவனுக்கு மறக்கவில்லை.

அன்று தரையைக் கூட்டிவிட்டுப் போனை எடுத்தபோது இன்பாக்ஸில் ஒரு பெண் எழுதியிருந்தாள்.

“நான் பெயின்டரோட மக. உங்ககிட்ட வாங்கின ஏணியை மாடி சன்ஷேடு மேல போட்டு ஏறினப்ப படி ஒடிஞ்சு அப்பா மாடி உசரத்துலேர்ந்து விழுந்துட்டார். ஆஸ்பத்திரியில இருக்கோம். யாராவது வாங்க.”

அதற்குக் கீழே, அவள் தூங்கிக்கொண்டிருந்தபோதே, பேஜ் தானாகப் பதில் சொல்லியிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் அவளே உட்கார்ந்து யோசித்து எழுதி வைத்த பதில்: “தங்கள் அன்புக்கு நன்றி! உங்களை உயரத்தில் ஏற்றுவதே எங்கள் மகிழ்ச்சி!” பக்கத்தில் இரண்டு ரோஜாப்பூ.

அதற்கும் கீழே அந்தப் பெண்ணின் ஒரே வரி. “நீங்கள்லாம் மனுஷங்கதானா?”

அவள் எழுந்து போய்ப் போனைப் புருஷனிடம் நீட்டினாள். விளக்குமாறு மடியிலிருந்து விழுந்தது கூடத் தெரியவில்லை.

புருஷனும் கொழுந்தனும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மத்தியானம் திரும்பும்போது ஒடிந்த ஏணியை வண்டியில் போட்டுக் கொண்டுவந்து பட்டறையின் நடுவில் இறக்கினார்கள். மூன்றாவது படி ஒரு பக்கம் கழன்று, ஆட்டுக்காது மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

“குதிகால் எலும்பு நொறுங்கிப்போச்சாம். மணிக்கட்டும் போச்சு. வலது கை. பிரஷ் பிடிக்கிற கை,” என்றான் புருஷன். யாரையும் பார்க்காமல் சொன்னான்.

கொழுந்தன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கழன்ற இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். பதினெட்டு வருஷமாக வெல்டிங் ராடு பிடிக்கிறவன். எத்தனையோ முறை கண்ணில் பொறி பட்டும் கண்ணாடி போடமாட்டான், இணைப்பு தெரியவில்லை என்பான்.

“உன் கண்ணு எங்கடா மேஞ்சுக்கிட்டிருந்துச்சு?” அண்ணன் கத்தினான். “இதுல பத்த வச்சதே இல்ல! மொழுக்குனு வழிச்சு எடுத்திருக்க! பெயின்ட்தான்டா படியைப் பிடிச்சிட்டிருந்திருக்கு!”

“ஆமாண்ணே.”

“என்ன ஆமா? நாளையிலேர்ந்து நீ மெஷினைத் தொடக் கூடாது. இரும்பு தூக்கு, பெயின்ட் அடி, அதோட சரி. புரியுதா?”

“சரிண்ணே.”

கொழுந்தன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் கூட அவளால் தாங்கியிருக்க முடியும்.

இரண்டு மாதத்துக்கு முன் இதே இடத்தில்தான் அவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேஜில் போட ஏணியை வீடியோ எடுத்தால், ஒவ்வொரு படியின் ஓரத்திலும் வெல்டிங் புடைத்துக்கொண்டு கரடுமுரடாகத் தெரிந்தது. முந்தின வீடியோவில் எவனோ ‘ஏணிக்கு அம்மை போட்டிருக்கா?’ என்று எழுதி, அதற்கு முப்பது பேர் சிரித்திருந்தார்கள்.

“தம்பி, இந்த மேட்டையெல்லாம் ராவி மழமழன்னு ஆக்கிடு. கடையில விக்கிற ஏணி மாதிரி இருக்கணும்.”

“அண்ணி, அந்த மேடுதான் படியைப் பிடிச்சிக்கிட்டிருக்கு. அதை ராவிட்டா அப்புறம் என்ன இருக்கு?”

“ஏன், உன் ஏணியில யானையா ஏறப் போகுது?”

“ஆளு ஏறுவான். வெறுங்கையோடவா ஏறுவான்? தோள்ல மூட்டையோட ஏறுவான், பெயின்ட் டப்பாவோட ஏறுவான்.”

“ஒரு பன்னண்டு மட்டும் செஞ்சு குடு. எனக்காக.”

அந்த ‘எனக்காக’ எங்கே போய்த் தைக்கும் என்று அவளுக்குத் தெரியும். மாமியார் செத்தபோது அவன் பள்ளிக்கூடம் போகிற பையன். அன்றிலிருந்து அவன் தட்டில் விழுந்த சோறெல்லாம் அவள் போட்டது. அவன் கிரைண்டரை எடுத்தான். பன்னிரண்டு ஏணிகள், வெள்ளி நிறப் பெயின்ட், ஒரு இணைப்பு கூடக் கண்ணில் படாது. புருஷன் அப்போது வெளியூரில் கூரை வேலையில் இருந்தான். வீடியோ போட்டு ஒன்பது நாளில் பன்னிரண்டும் தீர்ந்தன. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அது கூடப் பரவாயில்லை. தெரியாமல் செய்தது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அதற்கு அடுத்ததைத்தான் அப்படித் தேற்றிக்கொள்ள முடியவில்லை.

இருபத்திரண்டு நாளுக்கு முன், புரொஃபைலில் கிளிப் படம் வைத்திருந்த ஒருவர் வீடியோவுக்குக் கீழே எழுதினார்: “உங்க ஏணியில மூணாவது படி ஓரத்துல கீறல் விட்டிருக்கு. என்னுது மட்டும்தானா தெரியல. மத்தவங்களையும் பாக்கச் சொல்லுங்க.” மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அவளுக்குச் சுருக்கென்றது. பக்கத்துத் தெருப் பட்டறைக்காரன்தான் ஆள் வைத்து எழுதுகிறான் என்று முடிவு கட்டி, “பொறாமையில் விட்ட கீறலுக்கு எங்களிடம் வெல்டிங் இல்லை” என்று பதில் போட்டாள். அதற்கு நாற்பது லைக். மறுநாள் அந்த மனிதர் படம் அனுப்பினார்.

அவள் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளிப் பெயின்டில் முடி மாதிரி ஒரு கோடு. அது தங்கள் ஏணிதான். கீறலும் கீறல்தான். பார்த்த பிறகுதான் அழித்தாள். அந்த ஆளையும் பிளாக் பண்ணினாள். அன்று பள்ளிக்கூடக் கேட் ஆர்டருக்குப் பெரிய ஆட்கள் பேஜைப் பார்க்கப் போகிறார்கள் என்று புருஷன் சொல்லியிருந்தான். பேஜ் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அப்புறம் எழுந்து போய்ச் சாம்பாருக்கு வெங்காயம் உரித்தாள்.

இப்போது பட்டறையில் டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. கொழுந்தன் பெயின்ட் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். ராடு பிடித்த கைக்குப் பிரஷ் பொம்மை மாதிரி இருந்தது.

“அந்தப் பொண்ணு என்னைப் பாத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு,” என்றான் புருஷன். “‘உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?’ன்னு. தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டு வந்தேன், தெரியாதும்மான்னு. ஒருத்தன், ஒரே ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா அன்னைக்கே வீடு வீடாப் போயித் தூக்கிட்டு வந்திருப்பேன்,” என்றான் கொழுந்தன்.

“சொன்னாங்க,” என்றாள் அவள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“பேஜ்ல ஒருத்தர் சொன்னார். படம் கூடப் போட்டார். நான்தான் அழிச்சேன். ராவச் சொன்னதும் நான்தான். தம்பி வேணாம்னு சொல்லிச்சு, நான்தான் கேக்கல.”

புருஷன் அவள் முகத்தையே பார்த்தான். “படிக்காம அழிச்சியா, படிச்சிட்டு அழிச்சியா?”

படிக்கவில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அந்த ஒரு வார்த்தை போதும், பாதிப் பாரம் இறங்கிவிடும். அவள் தொங்கிக்கொண்டிருந்த படியைப் பார்த்தாள்.

“படிச்சேன்.”

அவன் இரும்புக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்திருக்கலாம். “நான் சத்தியம் பண்ணேன்டி,” என்று மட்டும் சொன்னான். “அந்தப் பொண்ணு முன்னாடி சத்தியம் பண்ணேன்.”

“அண்ணே, அண்ணி கேட்டாங்கதான். ஆனா ராவின கை என்னோடது,” என்று கொழுந்தன் ஆரம்பித்தான்.

“நீ வாயை மூடு தம்பி. எனக்காக எனக்காகன்னு நீ செஞ்ச வரைக்கும் போதும்.” “முதல்ல மிச்சம் பதினோரு ஏணி வெளியில இருக்கு. பேஜ்ல போடணும்.”

“போட்டா பட்டறைக்கு மூடுவிழாதான்,” என்றான் புருஷன். ஆனால் தடுக்கவில்லை.

அவள் எழுதினாள். ரோஜாப்பூ இல்லை, நன்றி இல்லை. “எங்கள் வெள்ளி ஏணியில் யாரும் ஏறாதீர்கள். இணைப்பைத் தப்பாக ராவிவிட்டோம். ஒருவர் விழுந்து அடிபட்டார். ஒருவர் முன்கூட்டியே எச்சரித்தார், நாங்கள் படித்தும் அழித்துவிட்டோம். சொன்னால் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.” ‘நாங்கள்’ என்று எழுதியது அவளை உறுத்தியது. கடைசி இடத்தில் மட்டும் மாற்றி, ‘நான் படித்தும் அழித்துவிட்டேன்’ என்று போட்டாள்.

அப்புறம் வந்தது வசவு மழை. கொலைகாரி என்றார்கள். நாற்பது லைக் போட்டவர்களிலேயே பாதிப் பேர் வந்து காறித் துப்பினார்கள். பெயின்டரின் மகளும் எழுதினாள்: “இதை அன்னைக்கே போட்டிருந்தா எங்கப்பா நடந்துக்கிட்டிருப்பார்.”

“அதையாவது எடுத்துடேன்,” என்றான் புருஷன். “பாக்க முடியல.”

“எடுக்க மாட்டேன்.”

கிளிப் படக்காரரின் பிளாக்கை நீக்கி அவருக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது. “நான் அப்பவே அதை அறுத்துத் துண்டு போட்டுட்டேன். நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்மா. அதனாலதான் திரும்பப் படம் அனுப்பினேன்.” மனிதர் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

நான்கு நாளில் ஒன்பது ஏணிகள் திரும்பி வந்தன. கொழுந்தன் மறுபடி ராடைப் பிடித்தான். வேண்டாம் என்று அண்ணன் சொல்லவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் தடிமனாக, அம்மைத் தழும்பு மாதிரியே பற்றவைத்தான். பள்ளிக்கூடக் கேட் ஆர்டர் போய்விட்டது.

பன்னிரண்டாவது ஏணி மட்டும் வரவில்லை. வாங்கினவன் போனில் பேசவே இல்லை, பேஜுக்குள்ளேயே கேட்டு, அவள் தனியாக இருந்த ஒரு மத்தியானம் சொந்த வண்டியில் வந்து தூக்கிக்கொண்டு போனவன். பேர் தெரியாது, முகம் பாதிதான் ஞாபகம். அவன் எழுதினதெல்லாம் அந்த வாரக் கூட்டலில் போய்விட்டது. தேடித் தேடிப் பார்த்தாள். அவ்வளவு சுத்தமாகக் கூட்டியிருந்தாள்.

இப்போது தெருவில் நடந்தால் அவள் கண் சுவர்களில்தான். ஒரு நாள் காய்கறிப் பையோடு வரும்போது, கடை போர்டை மாட்டிக்கொண்டு ஒருவர் வெள்ளி ஏணியில் நிற்பதைப் பார்த்தாள். பையை அப்படியே நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடினாள்.

“அண்ணா, இறங்குங்க! கொஞ்சம் இறங்குங்கண்ணா!”

“என்னம்மா, தீயா பிடிச்சிருக்கு?” அவர் பதறி இறங்கினார்.

அவள் மூன்றாவது படியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். புடைப்பாக இருந்தது. வேறு யாரோ செய்த ஏணி.

“ஏணி விலைக்கு வேணுமா?” என்று கேட்டுச் சிரித்தார் அவர்.

“இல்லண்ணா. ஏறுங்க,” என்றாள். திரும்பிப் போய்ச் சிதறின தக்காளியைப் பொறுக்கினாள். தெருக்கோடியில் இன்னொருவர் மாடிச் சுவரில் ஏணி சாத்திக்கொண்டிருந்தார். நிறம் இங்கிருந்து தெரியவில்லை. அவள் மிச்சத் தக்காளியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்தாள்.