ஒன்பதாவது கட்டை

அண்ணி எங்கள் வீட்டு மூன்று மாடியும் ஏறி வந்தபோதே விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது. முழங்கால் வலிக்குப் பயந்து தன் வீட்டு மொட்டைமாடிக்கே போகாதவர். நாற்காலியில் உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"சுவத்தப் பாத்துக்கிட்டே படுத்திருக்காரு தம்பி. எட்டு நாளாச்சு. தட்டக் கொண்டுபோனா ரெண்டு வாய், அதுக்கு மேல தள்ளி விட்டுர்றாரு. தொண்டை நல்லா ஆறிடுச்சு, சாப்பிடறதுக்கு ஒரு தடையும் இல்ல, இனி இவருதான் மனசு வெக்கணும்ங்கறாரு டாக்டரு. வெக்கலன்னா உடம்பு தாங்காதாம்."

"அண்ணன் என்ன சொல்றாரு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் எதுவும் சொல்ல முடியாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிற லாரியில் அவரும் நானும் இருபத்தேழு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவருக்கு ஹாரன் என்று பெயர் வைத்தது டிரைவர். குறுகலான தெருவில் லாரி பின்னால் வரும்போது அண்ணன் ஒரு சத்தம் போட்டால் போதும், தெருவே ஒதுங்கி நிற்கும். லாரியின் நிஜ ஹாரன் கெட்டுப்போனபோது முதலாளி ஆறு மாதம் அதைச் சரிசெய்யவே இல்லை. "நீ இருக்கும்போது அது எதுக்குய்யா?" என்றார். அப்படிப்பட்ட தொண்டை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள், வேண்டியதை எழுதிக் காட்டச் சொல்லி. அவருக்கு எழுதத் தெரியாது என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. நான் ஐம்பத்தோரு வயதில், எங்கள் தொழிலாளர் சங்க ஆபீசின் மாடியில் நடந்த சாயங்கால வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். அண்ணனையும் கூப்பிட்டேன். "எனக்குத்தான் வாய் இருக்கேடா, எழுத்து எதுக்கு?" என்று தெருவே சிரிக்கும்படி சொன்னார். இப்போது அந்தப் பலகை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதாம். அண்ணி அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

"பெட்டிய எடுத்துக்கிட்டு வா தம்பி. அதுக்காவது திரும்புறாரா பாப்போம்."

பெட்டி என்பது என் அக்கார்டியன். அது எனக்கு வந்த கதையிலும் அண்ணன் இருக்கிறார். நாலாவது மாடியில் ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம். மேலிருந்து இறங்கும்போது அண்ணனுக்குப் படி தவறியது. அவர் தப்பித்தார், தோளில் இருந்த தோல்பெட்டி பன்னிரண்டு படி உருண்டது. சொந்தக்காரர் திறந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். கீழ்ச்சுரத்திலிருந்து எண்ணினால் ஒன்பதாவதாக வரும் வெள்ளைக் கட்டை மட்டும் ஊமையாகிவிட்டது. திட்டப்போகிறார் என்று நின்றோம். மனுஷனுக்கு அன்றைக்குத் தலைக்கு மேல் எத்தனையோ கவலை. "நீங்களே வெச்சுக்கங்க" என்று கையை உதறினார்.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. லாரி வெறுமையாகத் திரும்பும்போது பின்னால் கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்து, ரேடியோவில் கேட்ட பழைய பாட்டுகளை ஒவ்வொரு சுரமாகத் தேடிக் கண்டுபிடித்தேன். கயிறு இழுத்துத் தடித்த விரல், ஒன்றை அழுத்தினால் இரண்டு அழுந்தும். அதைக்கூடச் சமாளித்தேன். அந்த ஒன்பதாவது கட்டையைத்தான் சமாளிக்க முடியவில்லை. எங்களுக்குப் பிடித்த பாட்டெல்லாம் அங்கே வந்துதான் தீருவேன் என்னும். வந்த இடத்தில் ஒரு ஓட்டை விழும்.

அந்த ஓட்டையில் அண்ணன் லாரியின் பக்கப் பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "உன் பெட்டிக்கு விழுந்த பல்ல நான் கட்டி விடறேன்டா" என்றார். கேலிக்கு ஆரம்பித்ததுதான். எங்கள் லாரியில் பலகையில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். முதல் நாள் பாட்டு முடிவதற்குள் டிரைவர் மூன்று தடவை பிரேக் போட்டு, கடைசியில் இறங்கி வந்து, எங்கள் ஏழு தலைமுறையையும் விசாரித்தார். பிறகு அவருக்கே பாட்டுத் தட்டு எது, வேலைத் தட்டு எது என்று பிடிபட்டுவிட்டது. போகப்போக பின்னால் உட்கார்ந்து கூடப் பாடுகிற எல்லாருமே அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு பலகையைத் தட்டினார்கள். ரேடியோவில் அதே பாட்டு வந்து, அந்தச் சுரம் முழுசாகக் கேட்டால், எங்களுக்கு அது ஏதோ அதிகப்படியாகத் தெரியும்.

வேலையை விட்ட பிறகு வீட்டில் தனியாக வாசிக்கிறேன். தோள் முன்போல் இல்லை, துருத்தியை இழுத்தால் வலது பக்கம் குத்தும். இருந்தாலும் தினமும் நாலு பாட்டு. வீட்டில் தட்டுவதற்கு ஆள் இல்லாததால் ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. "அந்த எடம் வந்தா எனக்குப் படியில கால் தவறின மாதிரி இருக்குங்க" என்பாள் என் மனைவி.

அண்ணி போனதும் நான் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு யோசித்தேன். அண்ணன் எழுந்து உட்கார வேண்டும் என்று வாசிக்கப் போகிறோம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அங்கே பல்லுப்போன பெட்டியோடு போய் நிற்பதா? மறுநாள் காலையில் வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எத்தன வருஷமா இப்படி?"

"முப்பது இருக்கும்."

"உள்ள ஒரு கம்பி வளைஞ்சிருக்கு பெரியவரே. அதனால காத்து போற மூடி தெறக்கல. பத்து நிமிஷ வேலைக்கு முப்பது வருஷம் நோம்பு இருந்திருக்கீங்க."

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து அழுத்தினேன். பேசியது. நல்ல கனமான குரல். நாலு நாள் விரலை அடித்துப் பழக்கினேன், அங்கே தூக்காதே, அழுத்து என்று. ஐந்தாம் நாள் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்பத்தாங்க பாட்டு பாட்டா இருக்கு" என்றாள். நான் தலைகால் புரியாமல் கிளம்பினேன்.

அண்ணன் அண்ணி சொன்னபடியே படுத்திருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. அலமாரியைத் தனியாகத் தூக்கி இறக்கிய முதுகு, இப்போது எலும்பெல்லாம் எண்ணலாம்.

"அண்ணே, நான்தான். பெட்டியோட வந்திருக்கேன்."

அசைவில்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கள் படகுப் பாட்டை எடுத்தேன். பிசகில்லாமல் வந்தது. ஒன்பதாவது கட்டை ஒவ்வொரு தடவையும் கணீரென்று விழுந்தது. பாட்டு முடிந்தது. அண்ணன் போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டார்.

அண்ணி கதவோரம் நின்றபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாக வாசித்திருக்கிறேன். அது அவருக்கு ரேடியோ மாதிரி ஆகிவிட்டது, யாரோ எங்கேயோ வாசிப்பதுபோல.

அப்போது எனக்கு அதெல்லாம் புரியவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது, இன்னொன்றைப் பார்ப்போம் என்று மழைப் பாட்டைத் தொடங்கினேன். இந்தத் தடவை கட்டையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். அந்த இடம் நெருங்கும்போது போர்வைக்கு வெளியே கிடந்த அவர் வலது கை மெல்ல எழுந்தது. உள்ளங்கை விரிந்தது. நான் கட்டையை அழுத்தினேன். சுரம் கணீரென்றது. எழுந்த கை தட்ட இடமில்லாமல் அப்படியே நின்று, பிறகு மெத்தையில் விழுந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய இடத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

அடுத்த அடியில் அதே இடம் வந்தது. நான் விரலைத் தூக்கிக்கொண்டேன்.

ஓட்டை.

கட்டில் பலகையில் டப்பென்று ஒன்று விழுந்தது. அண்ணி திடுக்கிட்டுத் திரும்பினார். நான் நிறுத்தவில்லை. மறுபடி அந்த இடம், மறுபடி தட்டு. நாலாவது தட்டுக்கு அண்ணன் மல்லாந்து படுத்திருந்தார். பாட்டு முடிகிறபோது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் பழைய கேலி இருந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது. பெட்டியைச் சரிபண்ணக் கொடுத்தது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மன்னிச்சுருங்கண்ணே. பத்து நிமிஷ வேலைன்னாங்க."

அவர் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"என்ன தம்பி சொல்றாரு?" அண்ணி பதறினார்.

"போலாம்ங்கறாரு அண்ணி."

"உன்னையா? போகச் சொல்றாரா?"

"இல்ல, வண்டிய எடுக்கச் சொல்றாரு." அடுத்த பாட்டை எடுத்தேன்.

மூன்று பாட்டுக்குப் பிறகு அண்ணி சாப்பாட்டுத் தட்டோடு வந்தார். தலையணையை நிமிர்த்தி வைத்து அவரை உட்காரவைத்தோம். வாய் காலியானதும் இரண்டு தட்டு. அண்ணி அடுத்த வாயைக் கொடுத்தார். எட்டாவது வாய் முடிந்ததும் ஒரே ஒரு தட்டு. அண்ணி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "போதுமா?" என்று கேட்டார். அண்ணன் தலையாட்டினார். அண்ணி தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் தோளில் ஒரு குத்துக் குத்தினார். "இத மொத நாளே தட்டியிருக்கக் கூடாதா, பாவி மனுஷா."

கட்டையை நான் மறுபடி கெடுக்கவில்லை. வீட்டில் மனைவிக்காக அழுத்துகிறேன், அவளுக்குப் படி தவறக் கூடாது. வாரத்தில் மூன்று நாள் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், அங்கே விரலைத் தூக்கிக்கொள்கிறேன். சில நாள் பழக்கத்தில் அழுத்திவிடுவதும் உண்டு. அப்போது கட்டில் பலகையில் விழுகிற தட்டு, லாரியை நிறுத்துகிற தட்டு. நானும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன்.