பாலத்தின் மேற்கு முனை

‘1995 ஆனி 14, புதன். இன்று ஒரு சிறு பிழை செய்தேன். மாவட்டப் படத்தில் இருப்புப்பாதையை எல்லைக்கோடென்று வரைந்துவிட்டேன்.’

இவ்வளவை எழுதிய கஜானி, ‘சிறு’ என்னும் சொல்லையே நோக்கியிருந்தாள். பூமியின் தென்கோடித் தீவுநாட்டில், எப்சம் மேட்டில் மாரிக்கால மாலை ஈரக் கம்பளம்போல் இறங்கி, எரிமலைக் குன்றின் முகட்டை மறைத்து, மனுகாவில் பகலெல்லாம் பணிசெய்து மாலை வகுப்பும் முடித்து வந்த அவளுடைய தோள்களிலும் படிந்திருந்தது.

வகுப்பில் அவள் செருமானிய மொழியில் விரித்துரைத்த மாவட்டமோ உலகின் மறுபுறத்தது. கிழங்கு வயல்கள் அலையடங்கிய கடல்போற் பரந்து, செங்கற் கோயில்களின் கூர்முகடுகள் அதிற் பாய்மரங்கள்போல் நிமிர்ந்து, நாளுக்கு இருமுறை வரும் பேருந்தை நோக்கிச் சிற்றூர்கள் காத்துக்கிடக்கும் தாழ்நிலம் அது. கிழக்கே அகன்றதோர் ஆறு. ஆற்றுக்கு அப்பால் நகரம். நகரத்துக்கும் அப்பால் இருப்புப்பாதை. அம்மாவட்டத்தில்தான் அவள் தம்பி பிருந்தன் புகலிடம் வேண்டி ஐந்தாண்டாய்க் காத்திருந்தான். புகலிடம் கேட்டோர் உத்தரவின்றி மாவட்ட எல்லை தாண்டலாகாது. முன்பொருமுறை தாண்டிப் பிடிபட்டவன், மீண்டும் பிடிபட்டால் தன் வழக்கு என்னாகுமோ என்று எழுதியிருந்தான்.

எல்லை ஆறுதான், நகரம் அடுத்த மாவட்டத்தது என்று ஆசிரியை விரல்வைத்துக் காட்டியபோது, ஏனையோர்க்கு அது கோட்டின் பிழை. கஜானியோ அக்கோட்டை நம்பி, ஞாயிறன்று புறப்படும் தாய்க்கு அந்நகரில் அறை பதிந்து, தொடருந்து நிலையத்துக்கு வந்து நில்லென்று தம்பிக்கும் எழுதியிருந்தாள்.

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த தாய் செல்வநாயகியிடம் யாவும் சொன்னாள். உத்தரவு கேட்டாலென்ன என்றாள் தாய். அதற்கு மூன்று வாரம் செல்லும் என்றாள் மகள்.

“எட்டு மாசம் வகுப்புக்குப் போய் இதைத்தானோ படிச்சனி?” என்றாள் தாய். சேலையொன்றை மடித்து வைத்து, “ஒரு ஆறுதானே பிள்ளை. ஒருத்தருக்கும் தெரியாமல் ஓடி வந்திட்டுப் போகட்டும்” என்றாள்.

“வேண்டாம் அம்மா. அவன் தாண்டினால் குற்றம். நீங்கள் தாண்டினால் ஒண்டுமில்லை. பாலம் இருக்கு.”

“எவ்வளவு தூரம்?”

“அறையிலிருந்து ஒரு மைல் வரும்.”

ஒன்பது ஆண்டு மகனைக் காணாத தாய், புதுச்சேலைகளைத் தூக்கி, அடியிற் கிடந்த நடைச் சப்பாத்தை எடுத்து மேலே வைத்தாள். “ஓம், நடக்கலாம். அவனை அந்தக் கரையிலேயே நிக்கச் சொல்லு.”

கடல்கள் பல கடந்த குடிக்கு ஓர் ஆறு இத்துணை அகலமாயிற்றே என்று அயர்ந்த கஜானி, பிழைக்கோட்டைத் தாள் மெலிய அழித்தாள். ‘சிறு’ என்பதையும் அடித்தாள். பின் அதன்கீழ் எழுதினாள்:

‘நாளை: காலை எட்டு மணிக்குத் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தல். நிலையத்துக்கு வராதே, பாலத்தின் மேற்கு முனையில் நில் என்று சொல்லுதல்.’